வாத்துப் படத்துக்குப் பின்னால்

திருமங்கலம்
3 ஏப்ரல் 2025

சுஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளன்று பிரியாணியை ஆறவிட்டு நாம் போட்ட சண்டையை அம்மா இன்னும் மறக்கவில்லை. "அக்காளும் தங்கச்சியும் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருந்தா எனக்குச் சோறு எறங்கல" என்று நேற்று அழுதார்கள். நான் திருப்பவில்லை. நான் கூப்பிட்டால் நீதான் எடுப்பதில்லை. எடுக்காததோடு, "எதுவானாலும் எழுதி மெயிலில் அனுப்பு, போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை" என்று நோட்டீஸ் வேறு. சரி, எழுதுகிறேன். பன்னிரண்டு வருஷமாக வங்கியில் எழுதித்தான் சம்பளம் வாங்குகிறேன்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. எங்கேயோ வெளிநாட்டில் ஒரு அமைப்பு. புதிதாக சாஃப்ட்வேர் எழுத வருகிறவர்களைச் சேர்த்து, கூடவே வழிகாட்ட ஒரு மென்டரையும் கொடுத்து, மூன்று மாதம் வீட்டிலிருந்தே வேலை செய்ய விட்டு, டாலரில் உதவித்தொகை கொடுக்கும். அப்படிச் செய்த சாஃப்ட்வேரை உலகத்துக்கே இலவசமாக விடுவார்கள். இலவசமாக விடுகிற பொருளைச் செய்வதற்கு யார் கைக்காசு போடுவார்கள்? என் கவுன்டரில் நின்று யோசித்துப் பார். போன வாரம் டி. கல்லுப்பட்டியிலிருந்து ரிட்டயர்டான டீச்சர் ஒருவர் வந்தார். வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை என்றுதான் அவரிடமும் ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு வாரம் உண்மையாகவே காசும் போட்டார்கள். இப்போது அவர் கணக்கில் மிச்சமிருப்பது கணக்கு எண் மட்டும்தான்.

உன் மென்டரம்மாள் பெயர் ஹெலெனா என்றாய். அந்தப் பெயருக்குப் பக்கத்துப் படத்தில் இருப்பது ஒரு வாத்து. பெயர் பொம்பளைப் பெயராக இருந்தால் ஆள் பொம்பளையாகிவிடுமா? வாத்துக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று நீ பார்த்தாயா?

ஏமாறாமல் இருக்க எங்கள் வங்கி ஒட்டியிருக்கும் பதினோரு எச்சரிக்கைகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். வரிசையாகப் படி.

உன் அக்கா,
நஜ்முன்னிசா

•

காஜிமார் தெரு, மதுரை
4 ஏப்ரல் 2025

நஜ்மாக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பதினொன்றையும் படித்தேன். அதில் ஒன்பதை ஏற்கெனவே நீ என் கல்லூரி அட்மிஷனுக்கும், அம்மாவின் காஸ் இணைப்புக்கும், ஒருமுறை குலுக்கலில் எனக்கு விழுந்த பிளாஸ்டிக் வாளிக்கும் சொல்லியிருக்கிறாய்.

நீ சொன்னதில் ஒரு திருத்தம். இன்னும் என்னை யாரும் சேர்க்கவில்லை. விண்ணப்பம் போட்டு முதல் கட்டம் தேறியிருக்கிறேன். இது இரண்டாம் கட்டம். நான் எடுத்திருப்பது சின்ன ஆஸ்பத்திரிகளில் மருந்து இருப்பைப் பதிந்து வைக்கும் ஒரு சாஃப்ட்வேர். அதில் இருக்கிற சின்னச் சின்னப் பிழைகளை ஏப்ரல் 15 வரை திருத்திக் காட்ட வேண்டும். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர் திருத்திக்கொண்டிருக்கிறோம். ஒருவரைத்தான் எடுப்பார்கள். மே 2ஆம் தேதி முடிவு.

நாங்கள் பேசுவதெல்லாம் ஒரு திறந்த அறையில். அறை என்றால் இணையத்தில் ஒரு பக்கம்தான். யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்து உள்ளே வரலாம், படிக்கலாம், கேட்கலாம். அங்கே எழுதியது அப்படியே கிடக்கும். உன் வங்கியைவிட அங்கே ஒளிவுமறைவு குறைவு.

இரண்டு வருஷமாக எந்தக் கம்பெனியில் போய் உட்கார்ந்தாலும் "எக்ஸ்பீரியன்ஸ் இருக்காம்மா?" என்ற ஒரே கேள்வி. இல்லை என்றால் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்புகிறார்கள். அனுபவம் இல்லாதவர்கள் வரலாம் என்று எழுதிவைத்திருந்த ஒரே இடம் இதுதான். உன் மேனேஜரின் தம்பி கடையில் டேட்டா என்ட்ரி வேலைக்கு நீ ஏற்பாடு செய்திருப்பது எனக்கு மறக்கவில்லை. இது கிடைக்காவிட்டால் மே 5ஆம் தேதி அங்கே போகிறேன் என்று பெருநாளன்று அம்மா முன்னால் வாக்குக் கொடுத்தேன். போவேன். ஆனால் அதுவரை என்னை விடு.

சுஃபியா

•

திருமங்கலம்
7 ஏப்ரல் 2025

சுஃபிக்கு,

ஸலாம். விடு என்றால் என்ன அர்த்தம்? கையிலிருப்பதையா விடச் சொல்கிறாய்?

மூன்று விஷயம். ஒன்று: சனிக்கிழமை அந்த ஹெலெனாவோடு வீடியோவில் பேசினாயாம். அம்மாவை அடுப்படிக்குப் போகச் சொல்லிக் கதவைச் சாத்தினாயாம். ஒளிவுமறைவு இல்லாத இடத்துக்குக் கதவு எதற்கு?

இரண்டு: ஹெலெனா உன்னை எல்லார் முன்னாலும் ஓயாமல் பாராட்டுகிறாள். "மிக நுணுக்கமான வேலை சுஃபியா" என்று வியாழக்கிழமை, "உன் கேள்விகள் எனக்குப் பிடிக்கின்றன" என்று வெள்ளிக்கிழமை. மற்ற பதிமூன்று பேருக்கும் இப்படி வெண்ணெய் தடவுகிறாளா? டீச்சருக்கும் முதல் இரண்டு வாரம் காசோடு பாராட்டும் வந்தது.

மூன்று: இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாட்டுத்தாவணியில் பூ மார்க்கெட் பக்கம் டீக்கடையில், முன்பின் பார்க்காத ஒருத்தியோடு ஒரு மணி நேரம் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தாய். என்னோடு வேலை பார்க்கும் முத்துமீனா பூ வாங்கப் போனவள் கண்ணால் பார்த்தாள். அம்மாவிடம் நீ அன்றைக்குத் தோழி வீட்டு வளைகாப்பு என்று சொல்லியிருக்கிறாய். யார் அவள்? உன்னை இதில் கோத்துவிட்ட ஏஜென்டா? இதற்கு மட்டுமாவது நேராகப் பதில் சொல்.

அத்தா மௌத்தானபோது உனக்குப் பன்னிரண்டு வயது. அன்றிலிருந்து உனக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்பதைத் தொல்லை என்று நீ படித்தால் அது என் குற்றமில்லை.

நஜ்மா

•

மதுரை
9 ஏப்ரல் 2025

அக்கா,

கதவைச் சாத்தியது பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தத்துக்கு. ஹெலெனாவுக்கு ஐம்பது வயதிருக்கும். வீடியோவில் அவர் கணவர் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாத்து அவர்கள் வீட்டில் வளர்கிற வாத்து.

மாட்டுத்தாவணியைப் பற்றி இப்போது பதில் சொல்ல மாட்டேன். ஆள் வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிற பழக்கம் வந்துவிட்டால் அப்புறம் நிறுத்த முடியாது.

எனக்கும் ஒரு கேள்வி உண்டு. வியாழக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஹெலெனா என்ன எழுதினார் என்று நான் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரிந்தது?

பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்கள் அறைக்கு மருது என்று ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். மதுரைப் பக்கமாம். நம் ஊர்க்காரர் என்று ஆசையாகப் படித்தேன். மனிதர் ஒரு பிழையைக்கூடத் திருத்தவில்லை. "ஓ.டி.பி. கேட்பீர்களா?", "முன்பணம் கட்டச் சொல்வீர்களா?", "பெண்கள் வீடியோவில் முகம் காட்டாமல் இருக்கலாமா?" என்று மதியம் இரண்டு மணிக்கும் சாயங்காலம் ஐந்தரைக்கும் வந்து கேட்டுவிட்டுப் போகிறார். ஹெலெனா ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுகிறார். கூடவே ஒரு சின்னப் பிழையைக் கொடுத்து, செய்து பாருங்கள், உதவுகிறேன் என்றும் சொன்னார். அதை அவர் தொடவில்லை.

சுஃபியா

•

திருமங்கலம்
13 ஏப்ரல் 2025

சுஃபிக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம். வெயில்தான் அம்புட்டு வெயில். அம்மாவுக்கு இளநீர் வாங்கிக் கொடு.

வேறு ஒன்றுமில்லை. வங்கிக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் ஒரு சந்தேகம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியும் என்று எழுதுகிறேன். நீ சொல்கிறாயே திறந்த அறை, அதுபோன்ற இடத்தில் ஒருவருக்கு மட்டும் என்று நினைத்து எழுதியது தவறிப்போய் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டால் அழிக்க முடியுமா? எழுதியவர் பெயர்ப் பதிவை எடுத்துவிட்டால் எழுதியதும் சேர்ந்து போய்விடுமா? எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

அவசரமில்லை. ஆனால் இன்றே சொன்னால் நல்லது.

நஜ்மா

•

மதுரை
16 ஏப்ரல் 2025

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

உங்கள் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள்: அழிக்க முடியாது. அறையில் இருநூற்றுப் பதினாறு பேர் இருக்கிறார்கள்.

நேற்றோடு எங்கள் காலக்கெடு முடிந்தது. நான் ஒன்பது பிழைகளைத் திருத்தினேன். அதில் ஏழை ஹெலெனா ஏற்றுச் சேர்த்துவிட்டார். ஒன்று, காலாவதியான மருந்தை நல்ல மருந்தென்று காட்டிக்கொண்டிருந்த பிழை. அதைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. இதை உங்களிடம் சொல்ல ரொம்ப ஆசையாக இருந்தேன்.

இப்போது சொல்ல வேண்டியது வேறு. சனிக்கிழமை மருது எல்லார் முன்னிலையிலும் ஹெலெனாவுக்கு ஒரு செய்தி போட்டார். "என்னைத் தேர்ந்தெடுத்தால் உதவித்தொகையில் பாதியை உங்களுக்குத் தந்துவிடுகிறேன், சம்மதமா?" ஐந்து நிமிடத்தில் ஹெலெனா, இங்கே அப்படி ஒரு வழக்கம் கிடையாது, இதை மேலே தெரிவிக்கிறேன் என்று எழுதிவிட்டார். அரைமணி நேரத்தில் மருது மறைந்துவிட்டார். செய்தி மறையவில்லை.

திட்டத்தை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர்கள் எனக்கு மெயில் போட்டிருக்கிறார்கள். பதினான்கு பேரில் மதுரையிலிருந்து விண்ணப்பித்தவள் நான் ஒருத்திதான். அந்த மருது என் போட்டிக்காரரா, என் ஆளா, என் சார்பில் ஆழம் பார்க்க வந்தவரா என்று அவர்களுக்குச் சந்தேகம். "இந்த நபரை உங்களுக்குத் தெரியுமா? 18ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும்."

எனக்கும் ஒரு சந்தேகம். இது கிடைக்காமல் போனால் நான் உங்கள் மேனேஜரின் தம்பி கடைக்குப் போக வேண்டும். அது யாருக்கு வசதி என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரிந்த மருது யாராவது உண்டா?

சுஃபியா

•

திருமங்கலம்
19 ஏப்ரல் 2025, மதியம் 2.15

சுஃபி,

என்னை "நீங்கள்" என்று எழுதிய கடிதத்தை மூன்று நாளாகப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். முத்துமீனா பிரின்ட் எடுத்துக் கொடுத்தாள்.

மருது எங்கள் கிளையின் காவலாளி. அவருக்குப் பாவம், இதில் எதுவுமே தெரியாது. அறைக்குள் நுழையப் பெயர் கேட்டபோது எங்கள் வாசலில் அவர் நின்றார், அதனால் அந்தப் பெயரைப் போட்டேன். ஹெலெனாவுக்கு மட்டும் போகும் என்று நினைத்துத்தான் அதை எழுதினேன். நம் வங்கியில் வாடிக்கையாளர் ஒரு தாளை நீட்டினால் அதைக் கவுன்டரில் இருக்கிறவள் மட்டும்தானே பார்ப்பாள்? அங்கே நீட்டியது ஊரே பார்க்கிற பலகை என்று நீ எழுதியிருந்தும் என் மண்டையில் ஏறவில்லை.

பணம் என்றால் வாத்து வாயைத் திறக்கும், சாட்சியோடு உன்னிடம் காட்டலாம் என்பதுதான் திட்டம். உன்னைக் கெடுக்கச் செய்யவில்லை, அல்லாஹ் அறிய. ஆனால் ஹெலெனா "சரி" என்று எழுதியிருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அதையும் மறைக்க மாட்டேன். நான் சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்குமே, அந்தச் சந்தோஷம். கடையைப் பற்றி நீ கேட்டது எனக்கு வலித்தது. வலித்ததால் பொய் என்று ஆகாது. நீ தினமும் எங்கே போகிறாய், எப்போது வருகிறாய் என்று தெரிந்த ஒரு வேலையில் இருந்தால் எனக்கு நிம்மதி.

18ஆம் தேதி தாண்டிவிட்டது. நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்லியிருந்தால் என்னைக் காட்டிக்கொடுத்ததாக வருந்தாதே. இப்போது சாப்பாட்டு இடைவேளையில் அதே அறைக்குள் என் சொந்தப் பெயரில் போய் எழுதிவிட்டேன். "மருது என்பவர் இல்லை. நான் நஜ்முன்னிசா, சுஃபியாவின் அக்கா. உங்களை மோசடிக்காரர்கள் என்று சந்தேகித்துச் சோதித்தேன். உங்களில் ஒருவரும் பொய்ப்பெயரில் இல்லை, நான் மட்டும்தான். என் தங்கைக்கு இதில் எதுவும் தெரியாது." என் இங்கிலீஷில் பிழை இருக்கலாம். இருநூற்றுப் பதினாறு பேரும் படிக்கட்டும். அழிக்க முடியாது என்பதால்தான் அங்கேயே எழுதினேன்.

நஜ்மா

•

மதுரை
19 ஏப்ரல் 2025, மதியம் 2.40

அக்கா,

கோபத்தில் அப்படி ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நீ மூன்று நாளாகப் பதில் போடாததும் அம்மாவிடம்கூடப் பேசாததும் எனக்கு என்னவோ போலிருக்கிறது. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மருது யாரென்று எனக்கு முதல் நாளே தெரியும். நீ எனக்கு அனுப்பிய பதினோரு எச்சரிக்கையையும் வரிசை மாறாமல் கேள்வியாக்கிக் கேட்கிற இன்னொரு ஆள் தமிழ்நாட்டில் கிடையாது. முதலில் சிரிப்பாக இருந்தது. தினமும் நீ வந்து உட்கார்ந்திருக்கிறாய் என்பது ஒரு பக்கம் நன்றாகக்கூட இருந்தது. சனிக்கிழமைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

17ஆம் தேதி ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பதில் எழுதிவிட்டேன். அந்த நபரை எனக்குத் தெரியாது என்று எழுதினேன். உன் பெயர் வெளியே வந்தால் வங்கிவரை பேச்சு போகும், உன் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். மதுரையில் மருதுகளுக்கா பஞ்சம்? அவர்கள் நம்பிவிட்டார்கள், நன்றி என்று பதிலும் வந்துவிட்டது. பிரச்சினை முடிந்தது. நீ மட்டும் எதையும் செய்யாமல், எங்கேயும் எழுதாமல் சும்மா இரு. இது ஒன்றுதான் நான் கேட்பது.

சுஃபி

•

மதுரை
3 மே 2025

அக்கா,

நேற்று முடிவு வந்தது. எனக்கு இல்லை.

ஹெலெனா தனியாக ஒரு மெயில் எழுதியிருக்கிறார். தன் பட்டியலில் முதல் பெயர் என்னுடையதுதான் என்றும், ஒருங்கிணைப்பாளர்களிடம் எனக்காக இரண்டு முறை பேசினேன் என்றும் சொல்கிறார். உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. "உன் அக்கா கேட்ட கேள்விகளை எல்லாரும் கேட்க வேண்டும்" என்கிறார். அவர்கள் என்னை விலக்கியது உன்னால் இல்லை. நீ அறையில் எழுதியதைப் பார்த்து மறுபடி கேட்டார்கள், மருது யாரென்று முதல் நாளே தெரியும் என்று ஒப்புக்கொண்டேன். நேராகக் கேட்ட ஒரு கேள்விக்கு நான் பொய் சொன்னேன், அதனால். நியாயம்தான். அடுத்த சுற்றுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நீ அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கும். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் கிடைத்திருக்கும். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மாட்டுத்தாவணியைப் பற்றிக் கேட்டாயே. அவள் பெயர் மைத்ரேயி, திருச்சிக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே திட்டத்தில் இருந்து முடித்தவள். திருநெல்வேலிக்குப் போகிற வழியில் பஸ் மாறுகிற ஒரு மணி நேரத்தை எனக்குக் கொடுத்தாள். அவளுடைய சான்றிதழ், அவள் எழுதிய நிரல், கணக்கில் உதவித்தொகை வந்த பக்கம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதற்கு முன்னால் அந்த அமைப்பு எத்தனை வருஷமாக இருக்கிறது, யார் பணம் தருகிறார்கள், போன சுற்றுகளில் யார் யார் சேர்ந்தார்கள் என்று மூன்று வாரம் தேடினேன். அதில் நான்கு பேருக்கு எழுதி விசாரித்தேன். உன்னிடம் வளர்ந்தவள் வேறு எப்படி இருப்பேன்? எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் விண்ணப்பத்தையே திறந்தேன்.

வளைகாப்பு என்று அம்மாவிடம் சொன்னது, விஷயம் உன் காதுக்கு வந்தால் நான் விசாரித்து முடிப்பதற்குள் நீ முடிவு சொல்லிவிடுவாய் என்பதால்.

நீ ஹெலெனாவை விசாரித்தாய், வாத்தை விசாரித்தாய், அம்மாவிடம் விசாரித்தாய், முத்துமீனாவிடம் விசாரித்தாய். "நீ சரிபார்த்தாயா சுஃபி?" என்று என்னிடம் ஒரு தடவை கேட்டிருந்தால் எல்லாக் காகிதத்தையும் உன் முன்னால் பரப்பியிருப்பேன். நீ அவர்களைச் சந்தேகப்பட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்கு அறிவு இருக்கிறதா என்பதுதான் உன் சந்தேகம். எனக்கு ஆறவில்லை, அக்கா.

கொடுத்த வாக்குப்படி திங்கட்கிழமை கடைக்குப் போகிறேன். ஒன்பதரைக்குத் திறப்பார்கள் என்று அம்மா சொன்னார்கள்.

சுஃபியா

•

திருமங்கலம்
4 மே 2025, ஞாயிற்றுக்கிழமை

சுஃபி,

ஸலாம். உன் கடிதத்தைக் காலையிலிருந்து நாலைந்து முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் மறுப்புச் சொல்ல ஒரு இடம் தேடினேன். மூன்று வாரம் நீ விசாரித்திருக்கிறாய் என்ற இடத்தில் மட்டும், பைத்தியக்காரி மாதிரி பெருமையாக இருந்தது. அதற்கு அடுத்த வரியில் வெட்கம் வந்துவிட்டது.

மத்தியானம் மேனேஜரின் தம்பிக்குப் போன் போட்டேன். "அண்ணே, நாளைக்கு என் தங்கச்சி வரமாட்டா, வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டால் உனக்குச் செய்த தப்பில் பாதி கழியும் என்று நினைத்தேன். அவர் "சொல்லுங்கம்மா" என்றார். அப்போதுதான் உறைத்தது, இதையும் நானேதான் முடிவு செய்கிறேன் என்று. பெருநாள் வாழ்த்து சொல்ல மறந்துவிட்டேன் என்று என்னத்தையோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். பெருநாள் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. மனிதர் என்ன நினைத்தாரோ.

கடைக்குப் போவதும், போகாமல் அடுத்த சுற்றுவரை ஹெலெனாவோடு சும்மாவே பிழை திருத்துவதும், இரண்டும் இல்லாமல் வேறு எதுவும், எதுவாக இருந்தாலும் உன் முடிவு. நீ அம்மா முன்னால் கொடுத்த வாக்கை உனக்கே திருப்பித் தந்துவிடுகிறேன். அந்த வாக்கை உன்னிடமிருந்து நான்தான் பிடுங்கினேன்.

சும்மாவே யாராவது வேலை செய்வார்களா என்று எழுத வந்தது. எழுதவில்லை. அதாவது, எழுதிவிட்டு அழித்தேன்.

பதினோரு வருஷமாக உன்னைப் பற்றி எல்லாரிடமும் கேட்டிருக்கிறேன். இதை உன்னிடம் கேட்கிறேன். நாளைக்குக் காலை ஒன்பதரை மணிக்கு நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?

நஜ்மா